ஃபெய்த் ரிங்கோல்டின் கதைப் போர்வைகளை வாசிப்பது எப்படி

ஃபெய்த் ரிங்கோல்டின் படைப்பொன்றின் முன் முதன்முறையாக நிற்பவருக்கு அதைப் பார்ப்பதா, படிப்பதா என்ற தயக்கம் வருவது இயல்பு. நடுவில் ஓர் ஓவியம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பூப்போட்ட துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கரை இருக்கிறது. மேலும் கீழும் கையால் எழுதிய வரிகள் ஓடுகின்றன. இவை அனைத்தின் ஊடாகவும் தையல் நூல் புகுந்து புறப்பட்டிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்தாலும் அது கட்டிலில் விரிக்கும் போர்வையின் வடிவிலேயே தொங்குகிறது. 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் பிறந்து, 2024 ஏப்ரலில் தமது 93ஆம் வயதில் மறைந்த ரிங்கோல்ட், ஓவியர், எழுத்தாளர், ஆசிரியர், கறுப்பினப் பெண்ணியப் போராளி என்று பல பெயர்களால் அறியப்படுகிறார். அந்தப் பெயர்களை அடுக்குவதால் அவருடைய படைப்பு பிடிபடாது. எந்த வாசல் அவருக்கு அடைக்கப்பட்டது, அப்போது கைக்கு எட்டிய எந்தப் பொருளை எடுத்து அவர் வேறு வழி கண்டார் என்னும் கேள்வியோடு போனால், ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் அவருடைய அறுபதாண்டு உழைப்பு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கும்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவ்வகைப் போர்வையை ஆங்கிலத்தில் ‘கில்ட்’ என்பார்கள். அச்சொல் நம் காதில் விழுந்ததும் கவரிங் நகைதான் நினைவுக்கு வரும் என்பதால், இக்கட்டுரையில் ஒட்டுப் போர்வை என்றும், அதில் எழுத்தும் சேர்ந்திருந்தால் கதைப் போர்வை என்றும் குறிப்பிடுகிறேன். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதே ஒட்டுப் போர்வையின் இலக்கணம். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள் எசமானர் வீட்டுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் இவற்றைத் தைத்தார்கள். ரிங்கோல்டின் எள்ளுப்பாட்டி சூசி ஷானனும் அப்படித் தைத்தவர்தான். ஆகவே ரிங்கோல்டின் கையில் இந்தப் போர்வை தற்செயலாக வந்து சேர்ந்த ஒன்றன்று.

முதலில் ஒரு மொட்டை மாடி

காலவரிசைப்படி தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. 1988இல் அவர் செய்த ‘தார் பீச்’ என்னும் கதைப் போர்வையிலிருந்து தொடங்குங்கள். அது நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெளிவான படம் இணையத்திலும் கிடைக்கும். தலைப்பின் பொருள் நமக்கு எளிதில் புரியும். தார் பூசிய அடுக்குமாடிக் கூரைதான், கடற்கரைக்குப் போக வழியில்லாத ஹார்லெம் குடும்பங்களுக்குக் கோடைக் காலத்துக் கடற்கரை. அதாவது நம் மொட்டை மாடி.

முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், திரையில் என்றால் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். இரவு நேரம். மாடியில் ஒரு மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள். பக்கத்தில் சாப்பாடு இருக்கிறது. கொடியில் துணி காய்கிறது. சிறுமியும் அவளுடைய தம்பியும் விரிப்பில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். பின்னணியில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் விளக்குகளோடு நிற்கிறது. அந்தச் சிறுமியே வானத்திலும் பறந்துகொண்டிருக்கிறாள். ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு இடங்களில் இருப்பதைக் கவனிக்கத் தவறுபவர்கள் பலர். அவசரப்படாமல் பார்த்தால் அது தானே தெரியும்.

இரண்டாவதாகக் கரையைப் பாருங்கள். பூப்போட்ட சாதாரணப் பருத்தித் துணிகள்தான். ஆனால் வீட்டில் பயன்படும் துணியின் நெருக்கத்தை நகரத்து வானத்துக்குக் கொடுப்பது அவைதான். மூன்றாவதாகத்தான் எழுத்துக்கு வர வேண்டும். மேல்விளிம்பில் தொடங்கிக் கீழ்விளிம்பில் முடியும் அந்த வரிகளைப் பேசுபவள் காசி லூயி லைட்ஃபுட் என்னும் எட்டு வயதுச் சிறுமி, காலம் 1939. 1931இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் கட்டியவர்களுள் அவளுடைய தந்தையும் ஒருவர். இப்போது தொழிற்சங்கக் கட்டடமொன்றை உயரே எழுப்பும் வேலையில் இருக்கிறார். ஆனால் அவருடைய நிறத்தின் காரணமாக அந்தச் சங்கத்திலேயே அவரால் உறுப்பினராக முடியவில்லை. காசி அந்தக் கட்டடத்தின் மேல் பறந்து அதைத் தந்தைக்கே சொந்தமாக்கிவிடுவாள். ஐஸ்கிரீம் ஆலையின் மேல் பறந்து தினமும் இரவில் ஐஸ்கிரீம் கிடைக்கச் செய்வாள். அம்மா அடுத்த வீட்டுக்காரியைப் போலக் காலையில் நேரம் கழித்து எழுந்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்குத் திரும்பினால், பாலத்தின் விளக்குகள் வேறுவிதமாகத் தெரியும். அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் பறந்து தப்பினார்கள் என்னும் பழைய கறுப்பினக் கதைமரபு அச்சிறுமியின் பறத்தலுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

இதே கதை 1991இல் குழந்தைகள் புத்தகமாக வெளிவந்து, அடுத்த ஆண்டு குழந்தைகளுக்கான படநூல்களுக்குரிய கால்டெகாட் விருதின் சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றது. கொரெட்டா ஸ்காட் கிங் விருதையும் பெற்றது. கைக்குக் கிடைத்தால் பக்கங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள்: போர்வையின் துணிக்கரை அங்கேயும் தொடர்கிறது.

பின்னோக்கி நடப்பது

இந்த ஒரு படைப்பு மனத்தில் பதிந்த பிறகு வாழ்க்கை வரலாற்றுக்குப் போகலாம். வரலாற்றைப் படிக்கும்போது விருதுகளையும் பட்டங்களையும் வேகமாகத் தாண்டிவிட்டு, தடைகளிடம் நின்று படியுங்கள்.

குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமாவால் பள்ளிக்குப் போக முடியாத நாட்களில் வீட்டிலிருந்து வரைந்தவர் அவர். தந்தை நகராட்சியின் குப்பை வண்டி ஓட்டியவர். தாய் வில்லி போசி ஹார்லெமில் பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர். 1950இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஓவியம் படிக்கச் சென்றபோது, அந்தப் பிரிவில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் பெண்கள் சேரலாம் என்பதால், அதில் சேர்ந்து ஓவியத்தை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அதன் விளைவாக 1955 முதல் 1973 வரை நகரத்துப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தார். ஒரு தடையைச் சுற்றிக்கொண்டு போகும் இந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரிடம் இருந்தது.

1963 முதல் 1967 வரை அவர் வரைந்த ‘அமெரிக்க மக்கள்’ என்னும் வரிசையில் இருபது எண்ணெய் ஓவியங்கள் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர் கடைசி மூன்றைப் பார்த்தால் போதும். பதினெட்டாவதில் அமெரிக்கக் கொடியிலிருந்து இரத்தம் வழிகிறது. கொடியின் கோடுகளுக்குப் பின்னால் ஒரு கறுப்பின ஆணும், வெள்ளைப் பெண்ணும், வெள்ளை ஆணும் கைகோத்து நிற்கிறார்கள். இங்கே யார் இல்லை என்று கேளுங்கள். கறுப்பினப் பெண் இல்லை. அவர் இல்லாத அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ரிங்கோல்ட் செய்த பெரும்பாலான வேலை அந்த இடத்தை நிரப்புவதுதான் என்பது என் வாசிப்பு.

இருபதாவது ஓவியத்தின் பெயர் ‘சாவு’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல். ஆறடி உயரமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட அதில், நல்ல உடையணிந்த கறுப்பர்களும் வெள்ளையர்களும் இரத்தம் தெறிக்க ஓடுகிறார்கள், விழுகிறார்கள். நடுவில் ஒரு கறுப்புக் குழந்தையும் ஒரு வெள்ளைக் குழந்தையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பார்ப்பதற்கு முன் பிக்காசோவின் ‘குவெர்னிகா’வை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ஓவியம் அப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. ரிங்கோல்ட் அதை அங்கே பலமுறை பார்த்துக் கற்றவர். 1967இல் அவர் வரைந்த இந்த ஓவியத்தை அதே அருங்காட்சியகம் 2016இல்தான் வாங்கியது. 2019இல் பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியமொன்றுக்கு அருகிலேயே அதை மாட்டினார்கள். இடைப்பட்ட காலத்தை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

அந்த இடைக்காலத்தில் அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1968இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1930களின் அமெரிக்கக் கலை பற்றி நடத்திய கண்காட்சியில் கறுப்பினக் கலைஞர் ஒருவரும் இடம்பெறாததை எதிர்த்து மறியல் செய்தவர்களில் அவரும் ஒருவர். 1970இல் அதே இடத்தின் ஆண்டுக் கண்காட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று கலை விமர்சகர் லூசி லிப்பார்ட், கலைஞர் பாப்பி ஜான்சன் முதலியவர்களோடு சேர்ந்து போராடினார். அருங்காட்சியகத்துக்குள் பச்சை முட்டைகளையும் அவித்த முட்டைகளையும் ஆங்காங்கே வைத்துவிட்டு வந்தார்கள்; விசில் ஊதினார்கள். அந்த ஆண்டில் பெட்டி சார், பார்பரா சேஸ் ரிபூ ஆகிய இரு கறுப்பினப் பெண்களின் படைப்புகள் அக்கண்காட்சியில் இடம்பெற்றன. அதே ஆண்டு நவம்பரில், கொடியைக் கலையில் பயன்படுத்துவதற்கு எதிரான சட்டத்தைக் கண்டித்து ஜட்சன் தேவாலயத்தில் நடந்த கண்காட்சிக்காக அவரும் இன்னும் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். இப்போராட்டங்களை அவருடைய கலைக்கு வெளியே நடந்த அரசியலாகப் படிப்பது பிழை. கறுப்பின இயக்கத்தில் பெண் என்பதாலும், பெண்கள் இயக்கத்தில் கறுப்பர் என்பதாலும் ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஒருவர், தாம் நிற்பதற்கான இடத்தைத் தாமே அளந்துகொண்டதை இவற்றில்தான் காண முடியும்.

1971இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவிலிருந்த பெண்கள் சிறைக்காக அவர் வரைந்த சுவரோவியத்துக்குத் தனியாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். வரைவதற்கு முன் சிறைப்பட்ட பெண்களிடமே போய், என்ன வரையட்டும் என்று கேட்டார். இங்கிருந்து வெளியே கூட்டிச்செல்லும் நீண்ட பாதை ஒன்றை வரையுங்கள் என்று சொன்னார் ஒருவர். முக்கோணப் பகுதிகள் எட்டில், மருத்துவராகவும் பேருந்து ஓட்டுநராகவும் காவலராகவும் நாட்டின் அதிபராகவும் பெண்களை அவர் வரைந்தார். பின்னாளில் அக்கட்டடம் ஆண்கள் சிறையானபோது ஓவியத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். பிறகு அது மீட்கப்பட்டது.

சட்டத்தைக் கழற்றிய கதை

ஓவியத்திலிருந்து துணிக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் இந்த வழிகாட்டியின் மையம். 1972இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தாங்காக்களை, அதாவது பட்டுக்கரை தைத்துச் சுருட்டி வைக்கத்தக்க பௌத்தத் துணி ஓவியங்களை, அவர் பார்த்தார். மரச்சட்டத்தில் இறுக்கிய பெரிய கான்வாஸ்களை வீட்டிலிருந்து இறக்குவதற்கு ஒவ்வொரு முறையும் கணவரின் உதவியை எதிர்பார்க்க வேண்டியிருந்தவருக்கு, அதில் ஒரு விடுதலை தெரிந்தது. சட்டத்தைக் கழற்றிவிட்டால் ஓவியத்தைச் சுருட்டித் தாமே எடுத்துச் செல்லலாம், குறைந்த செலவில் ஊர் ஊராக அனுப்பலாம். கலை வரலாற்று நூல்கள் ‘ஊடக மாற்றம்’ என்று கனமாகச் சொல்லும் திருப்பத்துக்கு, படிக்கட்டில் படம் தூக்கும் சிரமமும் ஒரு காரணம் என்பதை நான் மிகவும் விரும்புகிறேன்.

திரும்பி வந்து அவர் செய்த ‘பெண்ணிய வரிசை’யில் இருபது துணி ஓவியங்கள் உண்டு. அவற்றில் கறுப்பினப் பெண்களின் கூற்றுகளை மேலிருந்து கீழாகப் பொன்னிற எழுத்துகளில் எழுதினார். பிற்காலத்துக் கதைப் போர்வைகளில் வரும் எழுத்தின் முளை இங்கேதான் இருக்கிறது. துணிக்கரைகளைத் தைத்துக் கொடுத்தவர் தாய் வில்லி போசி. 1980இல் தாயும் மகளும் சேர்ந்து ‘ஹார்லெமின் எதிரொலிகள்’ என்னும் முதல் ஒட்டுப் போர்வையை உருவாக்கினார்கள். துணித்துண்டுகளுக்கு நடுவே ஹார்லெம் மனிதர்களின் முப்பது முகங்கள். அடுத்த ஆண்டு தாய் மறைந்தார். ரிங்கோல்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தாயை ஓர் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடக் கூடாது. இருவரின் கைவேலையும் சேர்ந்த படைப்பில் எது யாருடைய தையல் என்று கேட்டுப் பார்ப்பது, ஒற்றை மேதை என்னும் கற்பிதத்தைத் தளர்த்தும் நல்ல பயிற்சி.

எழுத்து எப்படி வந்தது என்பதற்கும் ஓர் அடைத்த வாசல்தான் காரணம். 1980 வாக்கில் அவர் தன்வரலாறு எழுதினார். அதை வெளியிட யாரும் முன்வரவில்லை. ஆகவே போர்வையின் மேலேயே எழுதினார். போர்வை கண்காட்சிக்குப் போகும்போது எழுத்தும் போகும். அதன் படம் அட்டவணை நூலில் அச்சாகும்போது எழுத்தும் அச்சாகும். பதிப்பாசிரியர் எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. 1983இல் அவர் செய்த முதல் கதைப் போர்வை, அமெரிக்கக் கடைகளில் அப்ப மாவுப் பொட்டலங்களின் மேல் புன்னகைத்துக்கொண்டிருந்த ஜெமைமா அத்தை என்னும் கறுப்பின வேலைக்காரி உருவத்தை எடுத்துக்கொண்டு, அவரை ஹார்லெமில் உணவகம் நடத்தும் சொந்தத் தொழில்காரராக, குடும்பத் தலைவியாக, குறைநிறைகள் கொண்ட மனுஷியாக மாற்றியது. இதைப் படிக்கும்போது கட்டங்களைத் தாவித் தாவிப் பார்க்காமல் வரிசையாகப் படியுங்கள். கதை சொல்பவர் குடும்பத்துக் கிழவி ஒருவர் வம்பு பேசும் நடையில் சொல்கிறார். அந்தப் பேச்சு வழக்கைச் செம்மைப்படுத்தி மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும்.

ரிங்கோல்ட் எழுதிய தன்வரலாறு ஒருவழியாக 1995இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் அவர் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டிருந்தார்.

எங்கே வழுக்கும்

கதைப் போர்வைகளில் ‘நான்’ என்று பேசுபவர் எப்போதும் ரிங்கோல்ட் அல்லர். 1991இல் தொடங்கிய ‘பிரெஞ்சுத் தொகுப்பு’ இதற்கு நல்ல சோதனை. அதன் நாயகி வில்லியா மேரி சிமோன் பதினாறு வயதில் பாரிசுக்குப் போய், ஓவியராகவும் ஓவியர்களுக்கு மாதிரியாகவும் வாழ்ந்து, பிள்ளைகளை ஊரில் அத்தையிடம் விட்டுவிட்டு, அவருக்குக் கடிதம் எழுதுகிறாள். அவள் கற்பனை மாந்தர். ஆனால் அவள் பெயருக்குள் ரிங்கோல்டின் தாயின் பெயர் இருக்கிறது. 1961இல் ரிங்கோல்ட் தம் தாயோடும் இரு மகள்களோடும் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போன நினைவும் அதில் கலந்திருக்கிறது. எது வாழ்க்கை, எது புனைவு என்று பிரித்து எடுப்பதைவிட, தம் தலைமுறைக்குக் கிடைக்காத ஒரு வாழ்வை அவர் ஏன் இன்னொருத்திக்குக் கொடுத்தார் என்று கேட்பது பயன்தரும். அத்தொகுப்பில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால், பிரான்சின் ஆர்ல் நகரச் சூரியகாந்தித் தோட்டத்தில், கறுப்பின மக்களின் விடுதலைக்கும் உரிமைக்கும் போராடிய ஹாரியட் டப்மன், ரோசா பார்க்ஸ், எல்லா பேக்கர் உட்பட எட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஒட்டுப் போர்வை தைக்கும் போர்வையைத் தேர்ந்தெடுங்கள். வான் கோக் குவளையில் பூக்களை ஏந்தியபடி ஓரமாக நிற்கிறார். யார் நடுவில், யார் ஓரத்தில் என்பதுதான் நகைச்சுவை, அதுவே வாதமும்கூட.

இன்னொரு வழுக்கல், அவரை நாட்டுப்புறக் கைவினைஞராகப் பார்ப்பது. இரண்டு பட்டங்களைப் பெற்று, ஐரோப்பிய ஓவிய மரபை நன்கு கற்று, அதன் பிறகு தெரிந்தே துணியைத் தேர்ந்தவர் அவர். போர்வை அவருடைய எல்லையாக இருந்ததில்லை. இதற்கு நேர்மாறாக, அவரைப் பெண்ணியத்தின் ஒரே குரலாக நிறுத்துவதும் சரியன்று. அவருடைய மகள் மிஷெல் வாலஸ் 1979இல் வெளியிட்ட நூல், கறுப்பின இயக்கத்துக்குள் இருந்த ஆணாதிக்கத்தைக் கடுமையாக விமர்சித்துப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தாய்க்கு அதில் உடன்பாடில்லாத இடங்கள் இருந்தன. மகளுக்கு நீண்ட மறுமொழி ஒன்றை எழுதினார். அது 2015இல்தான் நூலாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘கறுப்பினப் பெண்ணியம்’ என்று ஒருமையில் சொல்வதற்கு நாக்குக் கூசும்.

அவரைப் பற்றி நீங்களே எழுத விரும்பினால் ஒரு எச்சரிக்கை. படங்களை எடுத்துப் போடுமுன் உரிமை கேளுங்கள். அவருடைய கதைப் போர்வை ஒன்றின் சுவரொட்டி, தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றின் பின்னணியில் மொத்தம் 26.75 நொடிகள் தெரிந்ததற்காக அவர் வழக்குத் தொடர்ந்தார். 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது; பதிப்புரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். மரச்சட்டத்தைக் கழற்றியவர் மற்றச் சட்டத்தை நன்றாகவே பயன்படுத்தத் தெரிந்தவர்.

நியூயார்க் செல்லும் வாய்ப்பு உள்ளவர்கள் அருங்காட்சியகங்களோடு நின்றுவிடாமல், ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவிலுள்ள 125ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். 1996இல் அங்கே அவர் வடிவமைத்த கண்ணாடிச்சில்லுச் சித்திரங்களில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் போன்ற ஹார்லெம் மனிதர்கள், காசியைப் போலவே தங்கள் தெருக்களின் மேல் பறக்கிறார்கள். இரு திசை நடைமேடைகளிலும் சித்திரங்கள் இருப்பதால், ஒரு பக்கம் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடாமல் மறுபக்கமும் போய்ப் பாருங்கள்.